தேய்ந்த ஜீன்ஸில் தேயாத இடங்கள்

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் பகுதியில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய கணவர் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய் வருகிறவர். அவருடைய நீல ஜீன்ஸ் இரண்டு, இருக்கைப் பக்கமும் உட்தொடையும் தேய்ந்து கிடக்கின்றன. மகனுடைய, இழுத்தால் நீளும் வகை ஜீன்ஸ் ஒன்று முழங்காலில் கிழிந்துவிட்டது. கறுப்பு ஜீன்ஸ் ஒன்று அதிகம் உடுத்தப்படாமலேயே பல ஆண்டுகள் அலமாரியில் மடிந்து கிடந்தது. மாமியார் காலத்து மிதி தையல் இயந்திரம் வீட்டில் உள்ளது. நேர்த்தையல் போடத் தெரியும். குப்பையில் போட மனம் வரவில்லை, இவற்றைக் கொண்டு என்ன தைக்கலாம், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தைத்து வருகிறேன். பள்ளிச் சீருடையும் ரவிக்கையும்தான் முதன்மையான வேலை என்றாலும், ஜீன்ஸ் காலைக் குட்டையாக்கவும் கிழிசலுக்கு ஒட்டுப்போடவும் வருகிறவர்கள் இல்லாத வாரம் கிடையாது. அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: என்ன தைக்கலாம் என்ற கேள்வியிலிருந்து தொடங்காதீர்கள். இந்தத் துணியில் எந்த இடம் இன்னும் வலுவோடு இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பழைய ஜீன்ஸில் தைத்த பைகளும் உறைகளும் சில மாதங்களிலேயே கிழிந்துபோவதற்குத் தையலைக் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரையில் பெரும்பாலும் குற்றம் தையலில் இல்லை. ஏற்கெனவே செத்துப்போன துணியை நல்ல துணி என்று நம்பி வெட்டியதில்தான் இருக்கிறது.

ஜீன்ஸ் தைக்கும் துணியான டெனிம் எப்படித் தேய்கிறது என்பது அதன் நெசவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நெடுக்காக ஓடும் பாவு நூல் நீலச் சாயம் ஏற்றியது. குறுக்காக ஓடும் ஊடை நூல் சாயமில்லாத வெள்ளை. வழக்கமான டெனிமில் ஒவ்வொரு பாவு நூலும் மூன்று ஊடை நூல்களின் மேலாகச் சென்று ஒன்றின் அடியில் நுழைகிறது. அதனால்தான் முன்பக்கம் நீலமாகவும் பின்பக்கம் வெளிறியும் தெரிகிறது. துணியின் மேல் சாய்ந்த வரிகள் ஓடுவதும் அதனால்தான். வெளியிலிருந்து வரும் உராய்வு முழுவதையும் மேலே நிற்கும் நீல நூலே தாங்குகிறது. ஆகவே முதலில் அறுவதும் அதுதான். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸில் வெள்ளை நூல்கள் மட்டும் குறுக்கே கம்பி கட்டியதுபோல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாவு அறுந்து ஊடை மட்டும் மிஞ்சிய நிலை அது.

நிறம் வெளுத்தது வேறு, துணி நலிந்தது வேறு என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஜீன்ஸுக்கு ஏற்றும் அவுரி நீலச் சாயம் நூலின் உள்ளே ஊறிச் செல்வதில்லை. நூலைச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்துக் காற்றில் காட்டி, மறுபடியும் முக்கி எடுக்கும் முறையில் சாயம் நூலின் வெளிவட்டத்தில் படிகிறது. நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கிறது. ஆகையால் வெளிவட்டம் சற்றே உரசினாலும் வெள்ளை தெரிய ஆரம்பிக்கும். முன்தொடை வெளுத்திருந்தாலும் அங்கே துணி உறுதியாக இருக்கக்கூடும். உட்தொடையோ பார்வைக்கு நீலமாக இருந்துகொண்டே காகிதம்போல் மெலிந்திருக்கக்கூடும். கண்ணை நம்பாமல் கையையும் வெளிச்சத்தையும் நம்புங்கள். காலைச் சன்னலுக்கு நேராகப் பிடித்து, உள்ளே ஒரு கையை நுழைத்து விரித்துப் பாருங்கள். விரல்களின் நிழல் தெளிவாகத் தெரியும் இடம் நலிந்த இடம். பிறகு அந்த இடத்தை இரு கட்டைவிரல்களுக்கிடையில் வைத்துக் குறுக்காகவும் நெடுக்காகவும் இழுத்துப் பாருங்கள். மெல்லிய முறிவுச் சத்தம் கேட்டால் அந்தத் துணியை எதற்கும் நம்பக்கூடாது. தேறிய இடத்தையும் தேறாத இடத்தையும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள்.

அப்படிப் பிரிக்கும்போது ஏறக்குறைய எல்லா ஜீன்ஸிலும் ஒரே வரைபடம் வரும். உட்தொடை, கவட்டு, முழங்கால், தரையில் இழுபடும் கால் ஓரம், இவை போய்விட்ட இடங்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இருக்கைப் பகுதியும் இதில் சேரும். கெண்டைக்கால் பகுதி, அதாவது முழங்காலுக்குக் கீழே கால் ஓரத்துக்கு மேலே உள்ள துணி, பெரும்பாலும் புதிதுபோல் இருக்கும். நேர்க்கால் வெட்டு கொண்ட ஆண்களின் ஜீன்ஸில் அந்தப் பகுதியை ஒரு பக்கத் தையலில் பிரித்து விரித்தால், ஏறக்குறைய 40 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள நல்ல துண்டு ஒரு காலுக்கு ஒன்று கிடைக்கும். இடுப்புப்பட்டி பல மடிப்புத் துணியால் ஆனது; அது அநேகமாகத் தேய்வதே இல்லை. பின்பைகளுக்கு அடியில் மறைந்திருக்கும் துணியும் வெயிலையும் உராய்வையும் அதிகம் காணாதது. உங்கள் மூலப்பொருள் இவைதான்.

அடுத்து, துணி முழுப் பருத்தியா, கலப்பா என்று அறிய வேண்டும். உள்ளே தைத்திருக்கும் சீட்டு அழியாமல் இருந்தால் அதிலேயே விகிதம் இருக்கும். இல்லையென்றால் குறுக்கு நூல், நெடுக்கு நூல் இரண்டிலும் சிலவற்றை உருவி, சட்டியொன்றின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். நீளும் ஜீன்ஸில் எலாஸ்டேன் என்ற இழை வழக்கமாக ஊடை நூலுக்குள் வைத்து நூற்கப்பட்டிருக்கும். ஓரிரு விழுக்காடு இருந்தாலே துணியின் குணம் மாறிவிடும். அத்தகைய துணி குறுக்கில் நீளும், நெடுக்கில் நீளாது. பைக்கு வார் வெட்டுவதென்றால் எப்போதும் காலின் நீளவாட்டில் வெட்டுங்கள். நான் தொழிலுக்கு வந்த தொடக்கத்தில், துணி வீணாகக்கூடாதென்று குறுக்கில் வெட்டி ஒரு பைக்கு வார் தைத்துக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் அந்தப் பை வாங்கியவரின் முழங்கால்வரை தொங்கியது. வேறு வார் தைத்து மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

கறுப்பு ஜீன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்முடைய பருவநிலையில் அது வேறு விதமாகக் கெடுகிறது. கறுப்பு டெனிமுக்குப் பெரும்பாலும் கந்தகச் சாயம் பயன்படுகிறது. வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றில் நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்தால், அந்தச் சாயத்திலுள்ள கந்தகம் மெல்ல மெல்ல அமிலமாகிப் பருத்தியை அரிக்கக்கூடும். உடுத்தாமல் பத்திரமாக வைத்திருந்த துணி, எடுத்து இழுத்தால் நைந்துபோவதன் காரணம் அதுவாக இருக்கலாம். பினாங்கின் ஈரக்காற்றில் மூடிய அலமாரி இதற்கு ஏற்ற இடம். ஆகவே உங்கள் கறுப்பு ஜீன்ஸைப் புதிது என்று எண்ணாமல், மற்றவற்றைவிடக் கடுமையாகச் சோதித்துப் பாருங்கள்.

இப்போது வெட்டுவதா, ஒட்டுப்போடுவதா என்ற முடிவு. என் கருத்தில், காற்சட்டையாகவே இன்னும் ஓராண்டு உடுத்த முடிகிற ஜீன்ஸைப் பையாக்குவது இழப்பு. லெவிஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்குப்படி, அதன் 501 என்ற வகை ஜீன்ஸ் ஒன்று பருத்தி வயலில் தொடங்கி வீட்டுச் சலவைகள் முடியும்வரை சுமார் 3,781 லிட்டர் தண்ணீரைச் செலவழிக்கிறது. அதில் பெரும்பங்கு பருத்தி விளைவிக்கவே போகிறது. அந்தத் தண்ணீர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அதற்கு நியாயம் செய்யும் வழி, துணியை அது செய்ய வந்த வேலையிலேயே இயன்றவரை நீடிக்க வைப்பதுதான். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்ன நம் முன்னோரும் கந்தையைக் கட்டிக்கொள்ளத்தான் சொன்னார்கள்.

உட்தொடைக்கு ஒட்டுப்போடுவதில் மூன்று செய்திகள் முக்கியமானவை. ஒட்டுத்துணி உள்பக்கம் வர வேண்டும்; அது அசல் துணியைவிடச் சற்று மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கும்போது உறுத்துவதோடு ஒட்டின் விளிம்பிலேயே புதுக் கிழிசல் தோன்றும். ஒட்டு, கிழிசலை மட்டும் மூடினால் போதாது; எல்லாப் பக்கமும் 3 செ.மீ. தாண்டி உறுதியான துணியைப் பற்ற வேண்டும், மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். பிறகு நீல நூல் ஓடும் நெடுக்குத் திசையிலேயே அரை செ.மீ. இடைவெளியில் வரிவரியாகத் தையுங்கள். அறுந்த பாவுக்குப் பதிலாக அந்தத் தையல் நூல் நிற்கும். பின்னோக்கித் தைக்கும் வசதி இல்லாத இயந்திரமானால், வரியின் முடிவில் ஊசியைத் துணிக்குள் நிறுத்தித் துணியைத் திருப்பிக்கொள்ளலாம். கையால் இழையோட்டுவதும் நல்ல முறையே. ஜப்பானியர் சஷிகோ என்று சொல்லிப் பெருமையோடு செய்வது இந்த ஓட்டுத்தையலைத்தான். இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி ஒட்டும் துண்டுகளை உட்தொடைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஓயாமல் மடங்கி விரியும் இடத்தில் பசை நிற்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டை விழும்வரை காத்திருக்காதீர்கள். சன்னல் வெளிச்சத்தில் விரல் நிழல் தெரிந்த அன்றே ஒட்டுப்போட்டால் வெளியே யாருக்கும் தெரியாது.

ஒட்டுப்போடும் நிலையைக் கடந்த ஜீன்ஸை வெட்டுவதற்கு முன்பு துவைத்து, வெயிலில் தையல் மடிப்புகள்கூட ஈரமில்லாமல் காயவிடுங்கள். வெட்டிய பிறகு துவைத்தால் ஓரங்கள் நூல்நூலாகப் பிரிந்து, சலவை இயந்திரத்தின் வடிகட்டியை அடைக்கும். காலின் இரு பக்கத் தையல்களில் ஒன்று ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டை வரியாகத் தைக்கப்பட்டிருக்கும். மற்றது ஓரம் பின்னிய ஒற்றைத் தையலாக இருக்கும். பிரிப்பதற்கு எளிது அந்த ஒற்றைத் தையல். இரட்டைத் தையலை அப்படியே துண்டின் நடுவில் விட்டுவிட்டால் அதுவே துணிக்கு முதுகெலும்பாகிறது. கால் ஓரத்திலும் இடுப்புப்பட்டியிலும் பல தயாரிப்புகளில் சங்கிலித் தையல் இருக்கும். உட்புறம் கண்ணிகண்ணியாகத் தெரிந்தால் அதுதான். அதைச் சரியான முனையிலிருந்து இழுத்தால் முழு வரியும் ஒரே இழுப்பில் வந்துவிடும். வராவிட்டால் மறுமுனையில் முயன்று பாருங்கள்.

பை மூலைகளிலுள்ள செப்பு ஆணிகளைப் பெயர்க்க முயன்று துணியைக் கிழித்துக்கொள்ளாதீர்கள். சுற்றி வெட்டிவிடுவதே மேல். அந்த ஆணிகளுக்கும் ஒரு தையல்காரரின் கதை உண்டு. பை மூலைகள் கிழிகின்றன என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டதால் ஆணி அடித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் ரீனோ நகரில் தையல்கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ். துணி வணிகர் லெவி ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இழுவை எங்கே விழுகிறது என்று பார்த்து அந்த இடத்தை மட்டும் பலப்படுத்திய அவருடைய அறிவு, நாம் பைக்கு வார் பொருத்தும்போதும் உதவும்.

மிதி இயந்திரம் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய இரும்பு இயந்திரம், இலகுவான புதிய வீட்டு இயந்திரங்கள் பலவற்றைவிட டெனிமை நன்றாகத் தைக்கும். ஊசியை மட்டும் மாற்றுங்கள்: இரண்டு மடிப்புக்கு 16ஆம் எண், அதற்கு மேல் 18ஆம் எண். ஜீன்ஸ் ஊசி என்றே கேட்டு வாங்கலாம். தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. வரை இருக்கட்டும், நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். மடிப்புகள் சேரும் மேட்டில்தான் ஊசி முறியும். அந்த மேட்டை முதலில் மரப்பலகையில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். பிறகு, மேட்டில் ஏறும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் பின்பக்கம் சரியாமலிருக்க, அதே உயரத்துக்கு மடித்த டெனிம் துண்டு ஒன்றைப் பாதத்தின் பின்புறம் அண்டக்கொடுத்து, மிதியை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி நாலைந்து தையல்களைக் கடத்துங்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ ஊசிகளைக் காப்பாற்றும்.

முதலாவதாகத் தைக்க நான் சொல்வது தோளில் மாட்டும் பை. அது ஒன்றிலேயே எல்லா உத்திகளும் அடங்கிவிடும். இரண்டு கெண்டைக்கால் துண்டுகள் முன்பின் பக்கங்களாகின்றன. மூன்று பக்கமும் ஒன்றரை செ.மீ. உள்தள்ளி இரண்டு வரி தைத்து, அடி மூலைகள் இரண்டையும் முக்கோணமாக மடித்து 8 செ.மீ. அகலத்தில் குறுக்கே தைத்தால் பைக்குத் தட்டையான அடி வந்துவிடும். வாருக்கு இடுப்புப்பட்டி இருக்கிறது. ஏறக்குறைய 4 செ.மீ. அகலமும், ஆள் அளவைப் பொறுத்து 80 முதல் 90 செ.மீ. நீளமும் கொண்ட, தொழிற்சாலை இயந்திரம் உறுதியாகத் தைத்துவைத்த வார் அது. தோளுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. வாரின் இரு முனைகளையும் பையின் விளிம்புக்குக் கீழே 5 செ.மீ. இறக்கி, சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்குக் கோடுகள் இரண்டு போடுங்கள். எடையெல்லாம் விழும் இடம் அதுதான். உட்புறம் இன்னொரு டெனிம் துண்டை வைத்துத் தைத்தால் பை அரிசி தாங்கும்.

உள் அஸ்தருக்குப் புதுத்துணி வாங்காதீர்கள். பழைய கைலி ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். அது மெல்லியது, நெருக்கமாக நெய்தது, டெனிமோடு பருத்தியாகவே சேர்ந்து துவைபடும். இங்கே மலாய்க்காரர்களும் நம்மவர்களும் காயின் பெலிக்காட் என்று சொல்லும் அந்தக் கட்டம் போட்ட துணியின் பெயரே சென்னைக்கு வடக்கிலுள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. அந்தத் துறைமுகத்தின் வழியாக நம் நெசவாளர் துணி இந்தக் கடலோரங்களுக்கு வந்த காலத்தின் நினைவு அது. நீல டெனிமுக்குள் கைலிக் கட்டம் தெரியும் பையை எங்கே பார்த்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

இதே அளவைச் சிறிதாக்கி, வாரை நீட்டி, உடலுக்குக் குறுக்கே மாட்டும்படி தைத்தால் தைப்பூசத்துக்கு உதவும். தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறும்போது கைகள் இரண்டும் காலியாக இருக்க வேண்டும்; செருப்பு, தண்ணீர்ப் புட்டி, கைப்பேசி எல்லாம் இதில் அடங்கும். செருப்புக்கெனத் தனிப்பிரிவு வைத்துவிடுங்கள்.

வெளிர்நிறத் துணிகளோடு இந்தப் பைகளைப் பயன்படுத்துவதற்கு முன்பு, வெள்ளைத் துணியை நனைத்து டெனிமின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பலமுறை துவைத்த ஜீன்ஸில் சாயம் பெரும்பாலும் அடங்கியிருக்கும்; ஆனால் மடிப்புக்குள்ளும் பைக்கு அடியிலும் மறைந்திருந்த கருநீலம் இன்னும் ஒட்டக்கூடும். வினிகரோ உப்போ போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். அவுரி நீலத்துக்கு அது பலிக்காது. தனியாக இரண்டு மூன்று முறை துவைத்து உதிர வேண்டியதை உதிரவிடுவதே வழி.

சமையலறைக்கு வருவோம். இட்லிச் சட்டியை இறக்கவும் தோசைக்கல்லைப் பிடிக்கவும் டெனிம் பிடிதுணி மிக நன்றாக உழைக்கும், ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. துணி முழுப் பருத்தியாக இருக்க வேண்டும்; எலாஸ்டேனோ பாலியஸ்டரோ கலந்தது சூட்டில் உருகிக் கையில் ஒட்டும் ஆபத்து உடையது. பிடிதுணி காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈரத்துணி வெப்பத்தை நொடியில் கைக்குக் கடத்திவிடும். வெளியே இரண்டு டெனிம், நடுவே பழைய பருத்தித் துண்டு இரண்டு மடிப்பு என்று 20 செ.மீ. சதுரமாகத் தைத்துக் குறுக்குக் கோடுகள் ஓட்டுங்கள். உள்ளடக்கத்துக்குப் மெத்தையிலிருந்து எடுத்த செயற்கைப் பஞ்சை வைக்காதீர்கள். ஒரு மூலையில் பெல்ட் வளையத்தைத் தைத்தால் ஆணியில் மாட்டலாம்.

பின்பைகளை அவற்றின் அடித்துணியோடு சேர்த்து வெட்டி, கதவின் உட்புறத்தில் தொங்கும் நீளத்துணியில் வரிசையாகத் தைத்தால் கத்தரிக்கோல், கட்டணச் சீட்டு, சாவி எல்லாம் தங்கும். முன்புறத்துப் பித்தளை ஜிப்பு ஏறக்குறைய 15 செ.மீ. நீளம் வரும், பிள்ளைகளின் பென்சில் பைக்குப் போதும். வீட்டுத் தோட்டத்தில் முட்டியிட்டு வேலை செய்கிறவர்களுக்கும் மார்கழியில் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கும் முழங்கால் அணை ஒன்று தைத்துக் கொடுங்கள், நன்றி சொல்வார்கள்.

பலரும் காட்டி ஆசையூட்டும் சில வேலைகளை நான் வேண்டாம் என்றே சொல்வேன். டெனிமை நாடாவாகக் கிழித்துப் பின்னிய தடிமனான கால்மிதியைக் குளியலறை வாசலில் போட்டால், மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாளானாலும் நடுவில் ஈரம் போகாது. பூஞ்சணமும் வாடையும் பிடிக்கும். உலர்ந்த இடத்துக்கு மட்டும் அது பொருந்தும். டெனிம் போர்வை குளிர்நாட்டுப் பண்டம். நடுத்தரத் தடிமனுள்ள டெனிம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம் இருக்கும். ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் என்று தைத்தால் மேல்துணி மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டும். நம் ஊரில் அதைப் போர்த்திக்கொண்டு யார் தூங்குவது? ஆனால் அதே சதுரங்களைச் சேர்த்து, கடற்கரையிலும் கோயில் மண்டபத்திலும் விரித்து உட்காரும் விரிப்பாக்கினால் அருமையாக இருக்கும். செடி நடும் பையாகவும் டெனிமை வைக்க வேண்டாம். ஓயாத ஈரத்தில் பருத்தி அழுகிவிடும். கலப்புத் துணியானால் பருத்தி மண்ணில் மக்கிய பிறகு செயற்கை இழை மட்டும் அங்கேயே கிடக்கும்.

எதற்கும் ஆகாத துண்டுகள் கடைசியில் மிஞ்சத்தான் செய்யும். அவற்றைப் பொடியாக வெட்டித் தரையில் வைக்கும் குட்டை மெத்தைக்குத் திணிக்கலாம். பஞ்சைவிட வெகுவாகக் கனக்கும், ஆனால் அசையாமல் நிற்கும். தொழிற்சாலைகளில் இத்தகைய துணியை நாராகப் பிய்த்து மறுபடியும் நூற்கிறார்கள். பிய்க்கும்போது இழை குட்டையாகிவிடுவதால் புதுப் பருத்தி கலந்தே நூற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2006 முதல் பழைய ஜீன்ஸைச் சேகரித்து வீட்டுச் சுவர்களுக்கான வெப்பத் தடுப்பாக மாற்றும் திட்டம் ஒன்று நடக்கிறது. வீட்டு அளவில் நம்மால் அது ஆகாது. துணி சேகரிக்கும் பெட்டிகள் அருகில் இருந்தால், எந்த நிலையிலுள்ள துணியை ஏற்கிறார்கள் என்று அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். உடுத்தக்கூடியதை மட்டும் கேட்கும் இடத்தில் கிழிந்ததைப் போடுவது நன்கொடை ஆகாது. யாரோ ஒருவர் அதைப் பொறுக்கி எடுத்து எறிய வேண்டியிருக்கும். அப்படி எறிவது போய்ச்சேரும் இடம் செபராங் பிறை தெற்கிலுள்ள புலாவ் புரோங் குப்பைமேடு. அளவு மாறியதால் மட்டும் ஒதுக்கிய நல்ல ஜீன்ஸ் இருந்தால் பழைய துணி விற்கும் பண்டல் கடைக்காரர்களிடமோ, லோரோங் கூலிட் சந்தையில் பழைய துணி விற்கிறவர்களிடமோ கொடுங்கள். அவர்களுக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் நான்கு ஜீன்ஸுக்கும் என் முடிவு இது, சகோதரி. கணவரின் நீல ஜீன்ஸ் இரண்டில் குறைவாகத் தேய்ந்ததைத் தேர்ந்தெடுத்து, உட்தொடைக்கும் இருக்கைக்கும் உள்ளொட்டுப் போட்டு அவருக்கே திருப்பிக் கொடுங்கள். வேலைக்குப் போக இன்னும் ஓராண்டாவது அது போதும். மற்றதன் கெண்டைக்காலும் இடுப்புப்பட்டியும் உங்கள் முதல் பை. அதன் முன்தொடை தேறினால் பிடிதுணிகள். உள்ளொட்டுக்கான துணியை அந்த ஜீன்ஸிலிருந்து எடுக்காதீர்கள், கனம் அதிகம். மெல்லிய சட்டை டெனிம் ஏதாவது இருந்தால் அதை எடுங்கள். மகனுடையது நீளும் வகை என்பதால் அதற்கு ஒட்டுப்போட அதே போல் நீளும் துணி வேண்டும். அது கையில் இல்லையென்றால் முழங்காலுக்கு மேலே வெட்டி, இரண்டு மடிப்பு மடித்துத் தைத்து அரைக்காற்சட்டையாக்குங்கள். பிள்ளைகள் வீட்டில் அதைத்தான் விரும்புவார்கள். கறுப்பு ஜீன்ஸை முதலில் துவைத்துக் காயவைத்து, உட்புறம் எங்காவது ஓர் ஓரத்தை அரை அங்குலம் வெட்டிக் கையால் கிழித்துப் பாருங்கள். வரவரவென்று பிசிறோடு முரண்டு பிடித்துக் கிழிந்தால் துணி நன்றாக இருக்கிறது, அதைத் தாராளமாக உடுத்தலாம். காகிதம்போல் முரண்டின்றிக் கிழிந்தால் பித்தான், ஜிப்பு, பெல்ட் வளையங்களை எடுத்துக்கொண்டு, மீதியை மோட்டார் சைக்கிள் சங்கிலி துடைக்கும் துணியாகக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.